‘யாராக இருந்தாலும் சரி’ என்றொரு கம்பெனி

மின்விநியோகத்தில் போட்டி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஓர் உவமை தவறாமல் மேடையேறிவிடுகிறது. கைபேசியில் ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறீர்கள் அல்லவா, அதுபோலத்தான் மின்சாரமும் என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்குப் போன மின்சாரச் சட்டத் திருத்த மசோதா, ஒரே ஊரில் ஏற்கெனவே இருக்கிற கம்பிகளின் வழியாகவே பல விநியோக நிறுவனங்கள் மின்சாரம் விற்க வழிசெய்ய முயன்றது. 2024இல் அந்த மக்களவையின் ஆயுளோடு மசோதாவும் காலாவதியாயிற்று. உவமை மட்டும் காலாவதியாகவில்லை. போன மாதம் ஒரு கருத்தரங்கில் பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர் அதையே மறுபடியும் சொன்னார். கைதட்டலும் வாங்கினார்.

இலக்கியம் பேசும் இடத்தில் மின்கம்பிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். உவமைக்கென்று தனி இயலே வகுத்த மரபு நம்முடையது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது எந்தத் தன்மை ஒத்துவருகிறது என்று கேட்பது தமிழ் படித்தவனின் அன்றாட வேலை. அந்த வேலையைத்தான் இங்கே செய்கிறேன். கைபேசி உவமை பொய் உவமை. சரியான உவமை ஒன்று இருக்கிறது. அதை இவர்கள் சொல்லமாட்டார்கள், சொன்னால் கட்சி தோற்றுவிடும்.

கைபேசிக் கம்பெனிகள் தத்தமக்குக் கோபுரம் நட்டன, தத்தமக்கு அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்தன. நீங்கள் கம்பெனியை மாற்றினால் உங்கள் குரல் போகும் பாதையே மாறுகிறது. மின்சாரத்தில் இவர்கள் முன்மொழிவது அதுவன்று. தெருவில் ஓடுவது அதே கம்பி, நிற்பது அதே மின்மாற்றி. பில்லில் அச்சாகும் பெயர் மட்டும் வேறு. ஒரே கம்பி, பல விற்பனையாளர்கள் என்ற இந்த ஏற்பாட்டைத் தொலைபேசி உலகம் ஒரு முறை முழு அளவில் செய்து பார்த்திருக்கிறது. கைபேசிக்கு முந்தைய காலத்தில், அமெரிக்காவில், நெடுந்தொலைவு அழைப்புச் சேவையில். உவமை வேண்டுமென்றால் அங்கே போகவேண்டும்.

அந்நாட்டின் தொலைபேசி ஏறத்தாழ முழுவதும் ஏடி அண்ட் டி என்ற ஒரே குடையின்கீழ் இருந்தது. உள்ளூர்க் கம்பி, ஊர்களை இணைக்கும் தடம், கருவி செய்யும் தொழிற்சாலை எல்லாம் அவர்களுடையவை. 1974இல் அரசு ஏகபோகத் தடைச் சட்டப்படி வழக்குத் தொடர்ந்தது. 1982இல் உடன்பாடு ஏற்பட்டது. 1984 ஜனவரி 1ஆம் தேதி நிறுவனம் உடைக்கப்பட்டது. வழக்கை நடத்திய நீதிபதி ஹரால்டு கிரீன். உள்ளூர்ச் சேவை ஏழு வட்டார நிறுவனங்களுக்குப் போயிற்று. நெடுந்தொலைவு ஏடி அண்ட் டியிடம் நின்றது, ஆனால் இனி எம்.சி.ஐ., ஸ்பிரின்ட் முதலான போட்டியாளர்களோடு சம தளத்தில்.

சம தளம் என்பதை விளக்கவேண்டும். அதற்குமுன் எம்.சி.ஐ. வாடிக்கையாளர் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் ஓர் உள்ளூர் எண்ணை அழைத்து, பிறகு தம் ரகசிய எண்ணை இட்டு, பிறகுதான் போய்ச் சேரவேண்டிய எண்ணை அழுத்தமுடியும். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள். ஏடி அண்ட் டிக்கோ ‘1’ஐ அழுத்தினால் போதும். உடைப்புக்குப் பின் உள்ளூர் இணைப்பகங்கள் மாற்றியமைக்கப்பட்டன: சந்தாதாரர் ஒருமுறை ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து பதிந்துவிட்டால், அவர் ‘1’ஐ அழுத்தும்போதெல்லாம் அழைப்பு அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். நியாயமான ஏற்பாடு என்றே எனக்கும் தோன்றுகிறது. அதை வடிவமைத்தவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்து நடந்தது தேர்தல். உருவகமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வாக்குச்சீட்டு அச்சடித்து வீடுவீடாக அஞ்சலில் அனுப்பினார்கள். வரிசையாக நிறுவனங்களின் பெயர்கள். பிடித்ததைக் குறித்துத் திருப்பி அனுப்பவேண்டும். பெருந்தொகையானோர் அனுப்பவில்லை. அனுப்பாதவர்களை என்ன செய்வது? முதலில் அவர்கள் பழைய நிறுவனத்திடமே விடப்பட்டார்கள். 1985இல் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் அதை மாற்றியது. வாக்களித்தவர்கள் எந்த விகிதத்தில் நிறுவனங்களைத் தேர்ந்தார்களோ அதே விகிதத்தில் வாக்களிக்காதவர்களும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டார்கள். நம் ஊரில் ஒரு தொகுதியில் வாக்களிக்காதவர்களின் வாக்குகளைக் கட்சிகளுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுத்தால் நாம் அதை என்ன பெயரிட்டு அழைப்போம்? அங்கே அதற்குப் பெயர் நுகர்வோர் சுதந்திரம்.

நம் மொழியில் தேர்வு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பிடித்ததை எடுத்துக்கொள்வதும் தேர்வுதான், மூன்று மணி நேரம் வியர்க்க வியர்க்க எழுதுவதும் தேர்வுதான். நம் நண்பர்கள் முதல் பொருளைச் சொல்லி இரண்டாவதை நடத்துகிறார்கள். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. இரண்டும் பொருட்பாலில், அரசனுக்குச் சொன்னவை. ஆராய வசதியும் ஒற்றரும் அமைச்சரும் உடையவனுக்கே தேர்வது அவ்வளவு கடினமான வேலையாக இருந்தது. ஒஹையோவில் தனியே வாழும் எழுபது வயது மூதாட்டியிடம் அதே வேலையை ஓர் அஞ்சலட்டையில் ஒப்படைத்தார்கள்.

அந்த மூதாட்டிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதையின் சாரமான பகுதி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பதிவை மாற்றுவது எளிது என்றானதும், சந்தாதாரருக்குத் தெரியாமலே மாற்றுவதும் எளிதாயிற்று. உங்கள் நெடுந்தொலைவு நிறுவனம் இனி நாங்கள் என்று யாரோ ஒருவர் உள்ளூர் நிறுவனத்துக்குச் சொன்னால் போதும், மாறிவிடும். மாத முடிவில் பில் வரும்போதுதான் பெயர் புதிதாயிருப்பது தெரியும். அதையும் உற்றுப் பார்த்தால்தான். இதற்கு ‘ஸ்லாமிங்’ என்று ஒரு பெயரே பிறந்தது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதைத் தடுக்கவென்று தனிப்பிரிவு சேர்க்கவேண்டி வந்தது. சட்டம் வந்த மறு ஆண்டில் மட்டும் ஆணையத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட புகார்கள். புகார் எழுதத் தெரிந்தவர்களின் கணக்கு இது.

திருட்டு ஒரு வழி; ஆசை காட்டுவது இன்னொரு வழி. 1990களில் நெடுந்தொலைவு நிறுவனங்கள் வீடுகளுக்குக் காசோலை அனுப்பின. ஐம்பது டாலர், நூறு டாலர். உண்மையான காசோலை, வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். பின்புறம் கையெழுத்திட்டால் அந்தக் கையெழுத்தே, என் தொலைபேசியை உங்களிடம் மாற்றச் சம்மதிக்கிறேன் என்ற ஒப்புதலும் ஆகும். ஆணையம் 1995இல் தலையிட்டு, அந்த ஒப்புதலைப் படிக்கத்தக்க எழுத்தில், கையெழுத்திடும் இடத்துக்கு அருகே அச்சிடவேண்டும் என்றது. காசோலையே கூடாது என்று சொல்லவில்லை. நமக்கு இது புதிதாகத் தோன்றாது. வாக்குக்குப் பணம் என்பதன் சட்டபூர்வமான பதிப்பு.

மூன்றாவது வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. சொன்னால் புதுமைப்பித்தன் எழுதிய கற்பனை என்பீர்கள். டெக்ஸாஸில் ஒருவர் ‘எனக்குத் தெரியாது’, ‘எனக்குக் கவலையில்லை’, ‘யாராக இருந்தாலும் சரி’, ‘எதுவானாலும் ஒன்றுதான்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர்களை நெடுந்தொலைவு நிறுவனங்களின் பெயர்களாகப் பதிவு செய்தார். ஏன்? பொதுத் தொலைபேசியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஆபரேட்டர் உதவியோடு வெளியூருக்குப் பேசுகிறவரிடம் ஆபரேட்டர் கேட்கவேண்டும் என்பது விதி: எந்த நெடுந்தொலைவு நிறுவனம் வழியாக? பேசவேண்டிய அவசரத்தில் இருப்பவர் என்ன சொல்வார்? யாராக இருந்தாலும் சரி, போடுங்கள் என்பார். அழைப்பு நேராக ‘யாராக இருந்தாலும் சரி’ கம்பெனிக்குப் போய்விடும், அந்தக் கம்பெனி வைத்த விலைக்கு.

இதை ஒரு குறும்புக்காரரின் தந்திரம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கென்னவோ அந்த ஏற்பாட்டை அவரைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர் எவருமில்லை என்றே படுகிறது. தேர்வைக் கட்டாயமாக்கிய இடத்தில், ‘எனக்குத் தேர்வு வேண்டாம்’ என்ற சொல்லும் ஒரு தேர்வாக எழுதிக்கொள்ளப்படும். அவர் அந்த விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். அவ்வளவுதான்.

பெயர்கள் பெருகியதால் போட்டி பெருகியதா என்றால் அதிலும் வேடிக்கை. பதிந்த நிறுவனத்தை விட்டு, ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் ஒரு குறியெண்ணை அழுத்தி வேறு நிறுவனத்தின் வழியாகப் பேசும் முறையும் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியைத் திறந்தால் அந்த எண்களின் விளம்பரம்தான். பெரிய நிறுவனங்களை விட்டுத் தப்ப வாருங்கள் என்று அழைத்த 10-10-321 எம்.சி.ஐ.யின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமானது. போட்டிக்கு வந்த 10-10-345, ஏடி அண்ட் டியின் பிள்ளை. மாமியாரை விட்டு ஓடிவந்தவளுக்கு மாமியாரின் கொழுந்தன் வீட்டில் அடைக்கலம்.

எதையும் தேராமல் சும்மா இருந்தவர்களுக்கு என்ன விலை? சலுகைத் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கு நிமிடக் கட்டணம் இறங்கிக்கொண்டிருந்த அதே 1990களில், எந்தத் திட்டத்திலும் சேராதவர்களின் அடிப்படைக் கட்டணம் பலமுறை ஏறியது. பேசினாலும் பேசாவிட்டாலும் மாதம் மூன்று டாலர் குறைந்தபட்சக் கட்டணம் என்று வேறு ஒன்று வந்தது. ஆக மாதத்துக்கு ஒருமுறை மகனை அழைத்துப் பேசும் பாட்டி, மணிக்கணக்கில் பேசும் வியாபாரியைவிட நிமிடத்துக்கு அதிகம் கொடுத்தார்.

இதைவிட முக்கியமானது பழைய ஏற்பாட்டில் இருந்த ஒரு மறைமுக உதவி. வெளியூர் அழைப்பில் வந்த உபரி, உள்ளூர் இணைப்பின் மாதக் கட்டணத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. போட்டி வந்ததும் அந்தத் தாங்குதல் நில்லாது. ஆகவே 1985இல் வீட்டு இணைப்புக்கு மாதம் ஒரு டாலர் என்று தொடங்கிய நிலையான கட்டணம் படிப்படியாக ஏறிற்று. வெளியூருக்கே பேசாதவரும் கொடுத்தாகவேண்டும். நம் ஊரில் விவசாய பம்புசெட்டுக்குக் கட்டணமில்லை; 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆலைகளும் பெருங்கடைகளும் தரும் உயர்கட்டணமும் அரசின் மானியமும் சேர்ந்து இதைத் தாங்குகின்றன. ஒரே கம்பியில் பல விற்பனையாளர்கள் வந்தால் அவர்கள் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? பம்புசெட்டுக்காரரையா, ஆலை முதலாளியையா? இதைச் சொல்லப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நாணயமாகாது. கட்டணம் உண்மையிலேயே வெகுவாகக் குறைந்தது. ஸ்பிரின்ட் நாடு முழுவதும் ஒளியிழைத் தடம் போட்டது, மற்றவர்களும் போடவேண்டியதாயிற்று, குரல் தெளிந்தது. ஏகபோகம் நீடித்திருந்தால் இவை இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் இங்கே வேலை செய்தது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டாமா? ஒளியிழையைப் போட்டது போட்டியாளரின் முதலீடு. ஊருக்கும் ஊருக்கும் இடையில் அவர்கள் தாங்களே தடம் அமைத்தார்கள். இன்று மின்சாரத்தில் வரப்போகிறவர்கள் ஒரு கம்பத்தைக்கூட நடவேண்டியதில்லை என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் சலுகை. விலை இறங்கியதிலும் பெரும்பங்கு ஒன்று உண்டு: நெடுந்தொலைவு நிறுவனங்கள் உள்ளூர்க் கம்பியைப் பயன்படுத்தத் தரவேண்டிய கட்டணத்தை ஆணையம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. உத்தரவால் குறைந்ததையும் சந்தாதாரரின் சாமர்த்தியக் கணக்கில் எழுதிவிட்டார்கள். பால் மெக்காவாய் என்ற பொருளியலாளர் 1996இல் நூலே எழுதினார்: பெரிய நிறுவனங்கள் மூன்றும் ஒன்றையொன்று வீழ்த்தவில்லை, ஒன்றையொன்று பார்த்து விலை வைத்தன என்பது அதன் வாதம். அவர் இடதுசாரி அல்லர். சந்தைக்காரர்களால் எளிதில் தள்ளிவிட முடியாத ஆள்.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1998 மே மாதம் ஏடி அண்ட் டி தன் கைபேசிச் சேவையில் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்று அறிவித்தது. உள்ளூர், வெளியூர் என்ற வேறுபாடே கரையத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நெடுந்தொலைவு என்ற தனிச்சரக்கு இல்லாமற்போயிற்று. அதைத் தேர்வதற்கான அவசியமும் போயிற்று. தேர்வதற்குக் கிடைத்த நிறுவனங்கள்? எம்.சி.ஐ.யை வேர்ல்டுகாம் 1998இல் விழுங்கி 2002இல் திவாலாயிற்று. மிச்சத்தை 2006இல் வெரைஸன் எடுத்துக்கொண்டது. ஏடி அண்ட் டியை 2005இல் எஸ்.பி.சி. வாங்கி அந்தப் பெயரைத் தானே சூடிக்கொண்டது. ஸ்பிரின்ட் 2020இல் டி-மொபைலில் கரைந்தது. எஸ்.பி.சி.யும் வெரைஸனும் யார்? 1984இல் உடைத்துப் பிரித்த வட்டார நிறுவனங்களின் வாரிசுகள். தெருக்கம்பியை வைத்திருந்தவர்கள் விற்பனையாளர்களை வாங்கிவிட்டார்கள். உடைந்த ஏழில் நான்கு 2006 இறுதிக்குள் மறுபடி ஏடி அண்ட் டி என்ற பெயரின்கீழ் ஒன்றாயின.

நம் நாட்டில் இந்தத் தேர்வு வரவிருந்தது என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். 2002இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. அழைப்புகளுக்குச் சந்தாதாரரே நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளும் குறியெண் முறைக்கு விதி வகுத்தது. பழைய இணைப்பகங்களை மாற்றியமைக்கும் செலவை யார் ஏற்பது என்ற இழுபறியில் அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. ஒருவரும் துக்கம் கொண்டாடவில்லை. ஏனென்றால் விலை அதுபாட்டுக்கு இறங்கியது. 2002 ஜனவரியில் தனியார் நிறுவனம் நெடுந்தொலைவில் இறங்கியதும் பி.எஸ்.என்.எல். கட்டணத்தை வெட்டியது, கைபேசி நிறுவனங்கள் சொந்தத் தடங்களோடு மோதின, 2006 மார்ச்சில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் பி.எஸ்.என்.எல்.லிலேயே வந்தது. இரவு பதினொரு மணி கால்வாசிக் கட்டணத்துக்காக மஞ்சள் பலகை பூத்தில் வரிசையில் நின்று, சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் பேசிய தலைமுறை எங்களுடையது. அந்த வரிசையை ஒழித்தது நான் எதையும் தேர்ந்ததால் அன்று. என்னிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

அந்த வரிசையைச் சிலர் இப்போது கவித்துவமாக நினைவுகூர்கிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. அரசு ஏகபோகம் நம்மை வருடக்கணக்கில் இணைப்புக்குக் காக்கவைத்தது. எங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு மீட்டர் மாற்ற எத்தனை முறை நடக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வாரியத்தைத் திருத்தவேண்டும் என்பவரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். கணக்கைத் திறந்து வையுங்கள், கம்பி இழப்பைக் குறையுங்கள், கொள்முதல் ஒப்பந்தங்களை மக்கள் முன் வையுங்கள். இவற்றைச் செய்ய வாக்குச்சீட்டு அச்சடிக்கத் தேவையில்லை.

மின்சாரத்திலேயே செய்து பார்த்தவர்கள் இல்லையா என்று கேட்டால், அதுவும் டெக்ஸாஸ்தான். ‘யாராக இருந்தாலும் சரி’ கம்பெனி பிறந்த அதே மாநிலம். 2002 முதல் அங்கே பெரும்பாலான பகுதிகளில் வீட்டுக்காரர் விற்பனையாளரைத் தேர்ந்துகொள்கிறார். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில், மொத்தச் சந்தை விலையை அப்படியே நுகர்வோருக்குக் கடத்தும் கிரிட்டி என்ற நிறுவனத்தைத் தேர்ந்திருந்தவர்களுக்குச் சில நாள் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அவர்கள் தேர்ந்தது அதைத்தானே என்று சொன்னவர்களும் உண்டு. மறுமாதமே அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

கருத்தரங்கு நண்பரிடம் இரண்டு கேள்விகளை எழுதியனுப்பியிருக்கிறேன். சீட்டைத் திருப்பியனுப்பாத வீட்டுக்கு எந்த விலை, அதை யார் வைப்பார்கள்? ஆடி மாதக் காற்றில் எங்கள் தெரு மின்மாற்றி வெடித்தால் நான் தொலைபேசவேண்டியது பில்லில் பெயருள்ளவருக்கா, கம்பி வைத்திருப்பவருக்கா? பதில் வந்தால் அதையும் இங்கேயே இடுகிறேன்.